பாகப்பிரிவினையில் 12 கைக்கடிகாரங்கள்: கிருஷ்ணகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 ஜூன் மாதம், மாங்காய் லாரிகள் கூழ் ஆலைகளின் வாசலில் வரிசைகட்டி நிற்கும் நாட்களில், ஓர் அக்காவும் தம்பியும் என் கடைக்கு வந்தார்கள். அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, கோயம்புத்தூரில் குடும்பம். தம்பி இங்கேயே அப்பாவின் மாங்கூழ்த் தொழிலைப் பார்த்துக்கொள்கிறார். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தம்பியின் கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் துண்டில் சுற்றிய 12 வாட்ச்சுகள்.

ஓசூர் வாட்ச் தொழிற்சாலையின் அசெம்பிளிப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் கிருஷ்ணகிரியில் சர்வீஸ் கடை போட்டவன் நான். இந்த ஊரில் நல்ல வாட்ச் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. கிரானைட், மாங்கூழ் என்று ஏற்றுமதித் தொழில் செய்தவர்கள் வெளிநாடு போய்வரும்போது வாங்கி வந்தவை. இப்போது அவை அடுத்த தலைமுறையின் கைக்கு வருகின்றன. அப்போது எழும் சிக்கலை இந்த ஒரு குடும்பத்தின் கதை முழுதாகக் காட்டுகிறது. அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

சிக்கல் இதுதான். ஊர் எல்லையில் அப்பா பெயரில் ஒரு வீட்டுமனை இருக்கிறது. மதிப்பு 18 லட்சம் என்று பேசி வைத்திருந்தார்கள். வாட்ச்சுகளின் மதிப்பு 18 லட்சத்து 30 ஆயிரம் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தார். "மனை எனக்கு, வாட்ச் எல்லாம் அக்காவுக்கு. இரண்டும் சமம்தானே" என்பது அவர் யோசனை. அக்காவும் சம்மதித்துவிட்டார். பத்திரம் எழுதும் முன் யாராவது தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அம்மா சொன்னதால்தான் என்னிடம் வந்தார்கள்.

தம்பி ஏமாற்ற நினைத்தவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டின்னில் இருந்தவை

பெரியவர் வாட்ச் வாங்கிய விதத்தில் அவர் வாழ்க்கையே தெரிந்தது. முதலில் தாத்தா வழியாக வந்த ஒரு ஃபேவர் லூபா, சாவி கொடுக்கும் வகை. அடுத்து மூன்று ஹெச்எம்டி: ஜனதா, பைலட், காஞ்சன். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் ஹெச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்தது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது என்றால் வெகுகாலம் இதுதான். பிறகு இரண்டு டைட்டன். அதில் ஒன்று கம்பெனி தொடங்கிய காலத்து, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். டைட்டன் தொழிற்சாலை உள்ள ஓசூரும், கிருஷ்ணகிரியைப் போலவே, அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. நம்ம ஜில்லாவில் செய்த வாட்ச் என்று எல்லோரிடமும் காட்டுவாராம்.

1991-இல் துபாய் போனபோது வாங்கியது ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மாடல் எண் 16233. ஸ்டீலும் 18 காரட் தங்கமும் கலந்தது, 36 மில்லிமீட்டர். கூட்டாளி ஒருவரிடமிருந்து வந்தது 1960-களின் ஒமேகா கான்ஸ்டலேஷன். 2009-க்குப் பிறகு பெங்களூர் ஷோரூம்களில் வாங்கியவை இரண்டு ராடோ, ஒரு லாஞ்சின்ஸ், ஒரு டேக் ஹாயர்.

தம்பியின் கணக்கு

நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். ரோலெக்ஸ் 7.5 லட்சம், ஒமேகா 3 லட்சம், டேக் ஹாயர் 2.4, லாஞ்சின்ஸ் 1.4, ராடோ இரண்டும் 2.2, ஹெச்எம்டி மூன்றும் 90 ஆயிரம், ஃபேவர் லூபா 60 ஆயிரம், டைட்டன் இரண்டும் 30 ஆயிரம். இணையத்தில் அதே பெயருள்ள வாட்ச்சுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்களோ அதை எழுதியிருந்தார்.

இதில் மூன்று பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. முதலாவது, அவர் எடுத்தது விற்பவர் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலையை அவர் பார்க்கவே இல்லை. ஒரு வாட்ச் இரண்டு வருடமாக விற்காமல் கிடந்தாலும் அந்த விலை அங்கேயேதான் இருக்கும்.

இரண்டாவது, 2022-இல் வந்த செய்திகளை மனதில் வைத்திருந்தார். 2020-லிருந்து 2022 தொடக்கம் வரை பழைய வாட்ச் சந்தை உலகம் முழுக்கக் கிடுகிடுவென்று ஏறியது உண்மை. படேக் ஃபிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் 2021-இல் தன் 5711 நாட்டிலஸ் மாடலை நிறுத்தியதும் அதன் விலை எங்கேயோ போயிற்று. ரோலெக்ஸ் டேடோனாவும் அப்படித்தான். ஆனால் 2022 வசந்தகாலத்துக்குப் பிறகு சந்தை இறங்கிவிட்டது. அந்த ஏற்றமும் பெரும்பாலும் ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் மாடல்களுக்குத்தான் வாய்த்தது. தங்கம் கலந்த 36 மில்லிமீட்டர் டேட்ஜஸ்ட் நல்ல வாட்ச், மதிப்பு விழாத வாட்ச். ஆனால் டேடோனா ஏறினால் இதுவும் ஏறும் என்று கணக்குப் போட முடியாது.

மூன்றாவது பிழை நிலை பற்றியது. அதை வாட்ச்சைக் கையில் எடுத்த பிறகுதான் பார்க்க முடியும்.

கையில் எடுத்துப் பார்த்தபோது

முதலில் ரோலெக்ஸ். டின்னைத் திறந்ததும் அது பளீரென்று இருந்தது. 33 வருடம் கையில் கிடந்த வாட்ச் அப்படி மின்னக்கூடாது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "பாலீஷ் போட்டீர்களா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணா, போன வாரம். அக்காவுக்குப் புதுசு மாதிரி கொடுக்கணும்னு நகைப் பட்டறையில் கொடுத்துப் போட்டு வாங்கினேன்" என்றார் தம்பி. முகத்தில் அவ்வளவு நிறைவு.

பெரிதாக்கிக் காட்டும் ஐகிளாஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அக்காவையும் பக்கத்தில் அழைத்துக் காட்டினேன். செயின் கேஸோடு, அதாவது வாட்ச்சின் உலோக உடலோடு, சேரும் நான்கு கொம்புகளின் மேற்பகுதி இந்த மாடலில் மெல்லிய கோடுகளோடு மங்கலாக இருக்கும். பக்கவாட்டு மட்டும்தான் பளபளக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தி விளிம்பு போல ஒரு கோடு ஓடும். இப்போது மேலும் பக்கமும் ஒரே கண்ணாடிப் பளபளப்பு. அந்த விளிம்பு கரைந்து சோப்புக்கட்டி போல உருண்டுவிட்டது. 1991 காலத்து வாட்ச் என்பதால் கொம்புகளில் பின் போகும் துளைகள் வெளியே தெரியும். ஒழுங்கான வட்டமாக இருக்கவேண்டிய துளைகளின் வாய் பஃபிங் சக்கரம் பட்டு அகன்று, கிண்ணம் போல் சரிந்திருந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள தங்க வளையமான பெசலின் வரிகளும் முனை மழுங்கியிருந்தன. பட்டறைக்காரர் தன் வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார். நகைக்கு அது சரி. வாட்ச் கேஸில் போன உலோகம் திரும்ப வராது.

இத்தனைக்கும் நடுவில் நல்ல செய்திகளும் இருந்தன. செயினைக் கழற்றியதும் 12 மணி பக்கம் மாடல் எண்ணும், 6 மணி பக்கம் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் வரிசை எண்ணும் தெளிவாக இருந்தன. சேகரிப்பாளர்கள் அந்த எழுத்தை 1991-க்குரியதாகக் கொள்கிறார்கள். பின்மூடியைத் திறந்தால் ரோலெக்ஸின் 3135 என்ற மிஷின், வேற்றுப் பாகம் எதுவும் இல்லை. டயல் தொடப்படாதது. மணிக் குறிகள் இருட்டில் ஒளிர்வதற்காக வைத்த, டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு காலப்போக்கில் வெளிர் மஞ்சளாக, பழைய யானைத் தந்தம் போல மாறியிருந்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12 வருடத்துக்குக் கொஞ்சம் மேல், அதனால் இப்போது இருட்டில் ஒளிராது. "அதுக்கும் புதுப் பெயிண்ட் வைக்கச் சொல்லியிருக்கேன் அண்ணா, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்றார் தம்பி. அந்த வேலையை உடனே நிறுத்தச் சொன்னேன். அன்று செய்த மிக உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மிஷின் ஒரு நாளைக்கு 14 விநாடி பின்தங்கியது, உள்ளே இருக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டமும் குறைவு. எண்ணெய் காய்ந்துவிட்டது. சர்வீஸ் தேவை, மற்றபடி கோளாறு இல்லை.

அடுத்து ஒமேகா. கான்ஸ்டலேஷன் டயலில் 6 மணிக்கு மேலே ஒரு சின்ன நட்சத்திரம் உண்டு. இதில் அது மயிரிழை இடப்பக்கம் தள்ளி இருந்தது. எழுத்துகள் தடித்து, ஓரங்கள் மை கசிந்தது போல. நிமிடக் கோடுகள் சில இடத்தில் விளிம்பைத் தொட்டன, சில இடத்தில் தொடவில்லை. டயலுக்கு மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கேட்டதும் அக்காவுக்கு நினைவு வந்தது. 2011-இல் டயலில் கறை இருக்கிறது என்று அப்பா பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்து "புதுசாக்கி" வந்தாராம். அந்தக் கறையோடு விட்டிருந்தால் இப்போதைய விலையைப்போல் இரண்டு மடங்கு கிடைத்திருக்கும்.

ஹெச்எம்டி பைலட்டின் டயலும் பிற்காலத்து அச்சு. 2016-இல் ஹெச்எம்டி வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்த பிறகு பைலட்டுக்குக் கிராக்கி ஏறியது. பழைய மிஷினில் புது டயல் ஒட்டி விற்பதும் ஏறியது. ஜனதாவும் காஞ்சனும் சுத்தம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூவரும் உட்கார்ந்து பேசினோம். பத்திரத்தைத் தள்ளிப்போடுவது முதல் முடிவு. அடுத்தது, மதிப்பு என்றால் எந்த மதிப்பு என்று தீர்மானிப்பது. இன்று விற்றால் கையில் வரும் பணம், அதுதான் பாகப்பிரிவினைக்குப் பொருந்தும் என்றேன். சவரனைக் கொண்டுபோனால் எந்த நகைக்கடையும் அன்றைய போர்டு விலையை வைத்து வாங்கிக்கொள்ளும். வாட்ச்சுக்கு அப்படி ஒரு போர்டு கிடையாது. வங்கி அடகுக்கு எடுக்காது, சேட்டுக்கடையில் அதிலுள்ள தங்கத்தை மட்டும்தான் எடைபோடுவார்கள்.

பெங்களூரிலும் சென்னையிலும் பழைய வாட்ச் வாங்கும் மூன்று பேரிடம், படம் அனுப்பி, குறைகளையும் எழுதி, "இன்றே வாங்கினால் என்ன கொடுப்பீர்கள்" என்று கேட்டோம். குறைகளை மறைத்துக் கேட்டால் பதில் பயன்படாது. நேரில் பார்த்ததும் குறைத்துவிடுவார்கள். ஒருவர் விற்றுத் தருகிறேன், 12 சதவீதம் கமிஷன் என்றார். அதைக் கழித்துத்தான் கணக்கில் எடுத்தோம்.

ரோலெக்ஸுக்கு ஒரு சோதனையும் செய்தோம். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளில் எடுத்த நல்ல படம் ஒன்று அக்காவின் போனில் இருந்தது. மணிக்கட்டு பெரிதாகத் தெரியும், கொம்புகளின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர் 4.9 லட்சம் சொன்னார். பாலீஷுக்குப் பிந்தைய படத்தை அனுப்பியதும் 4.3 லட்சம். அந்த 60 ஆயிரம் தம்பியின் அன்பால் போனது.

சரி, பட்டியல் இப்படி முடிந்தது. ரோலெக்ஸ் 4.3 லட்சம், டேக் ஹாயர் 1.35, லாஞ்சின்ஸ் 65 ஆயிரம், ஒமேகா 55 ஆயிரம், ராடோ இரண்டும் 45 ஆயிரம், ஹெச்எம்டி மூன்றும் 15 ஆயிரம், ஃபேவர் லூபா 12 ஆயிரம், டைட்டன் இரண்டும் 6 ஆயிரம். மொத்தம் 7 லட்சத்து 63 ஆயிரம். தம்பி எழுதியதில் பாதிகூட இல்லை.

புதிதாக வாங்கியவைதான் அதிகம் அடிவாங்கின என்பது இருவருக்கும் அதிர்ச்சி. டேக் ஹாயரின் பில் 3 லட்சத்து 10 ஆயிரம் காட்டியது. ஷோரூம் விலையில் சுங்க வரி, ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம் மூன்றும் இருக்கின்றன. நகையின் செய்கூலி, சேதாரம் போல, வாசலைத் தாண்டியதும் அவை போய்விடும். அதோடு ஷோரூமிலேயே தள்ளுபடியில் கிடைக்கும் வாட்ச்சை யாரும் பழையதாக நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். ரோலெக்ஸ் தேவைக்குக் குறைவாகவே கடைக்கு விடுகிறது. 1988-இல் அறிமுகமான 3135 மிஷினைக்கூடச் சரிபார்க்க ஆளும் பாகமும் கிடைக்கின்றன. மதிப்பு நிற்பதற்கு அதில் உள்ள தங்கத்தைவிட இவைதான் காரணம்.

டேக் ஹாயர், லாஞ்சின்ஸ், ராடோ நான்கையும் சீக்கிரம் விற்றுவிடலாம் என்றேன். அந்த வருடம் மார்ச்சில்தான் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட இஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கம்) நாடுகளோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் போட்டிருந்தது. சுவிஸ் வாட்ச்சுகளின் சுங்க வரி அதன்படி வருடா வருடம் குறையவிருந்தது. புதியதன் விலை இறங்கினால் பழையதையும் இழுத்துக்கொண்டு இறங்கும். ரோலெக்ஸை விற்பதா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. அது அக்காவின் விருப்பம்.

அடுத்து நடந்தது

ஜூலையில் அந்த நான்கையும் ஒரே வியாபாரி 2 லட்சத்து 38 ஆயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். ரொக்கமாகத் தருகிறேன் என்றார். 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாக வாங்குவதை அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவு தடுத்தது. அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும். வங்கி வழியாகவே வாங்கினோம், இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை என்று.

பாகப்பிரிவினைக் கணக்கை அவர்களே போட்டார்கள். ஹெச்எம்டி மூன்றையும் அம்மா கேட்டார், அவை கணக்கில் சேரவில்லை. மீதி 7 லட்சத்து 48 ஆயிரம். பாலீஷில் போன 60 ஆயிரத்தைத் தன் பங்கிலிருந்து கழிக்கவேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றார். அக்கா வேண்டாம் என்றார். "இல்லக்கா, நான்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்று அவர் விடவில்லை. அதையும் சேர்த்து, மனையோடு கூட்டிப் பாதியாக்கினால் ஆளுக்கு 13 லட்சத்து 4 ஆயிரம். வாட்ச்சுகள் போக அக்காவுக்குத் தம்பி தரவேண்டியது 5 லட்சத்து 56 ஆயிரம். இரண்டு மாங்காய் சீசன்களில் தருவதாகப் பேசி, அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. மாந்தோப்பு குத்தகைக் காகிதங்கள் வைத்திருந்த பீரோவைச் சுத்தம் செய்யும்போது ஒரு பிளாஸ்டிக் உறையில் ரோலெக்ஸின் உத்தரவாதக் காகிதம் கிடைத்தது. அந்தக் காலத்தில் வரிசை எண்ணைக் காகிதத்தில் ஊசித்துளைகளாகக் குத்தித் தருவார்கள். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடிக்க, துளைகளின் வழியே எண் ஒளியாகத் தெரிந்தது. நான் என் நோட்டில் குறித்திருந்த எண்ணோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பொருந்தியது. அதே வியாபாரி 4.75 லட்சத்துக்கு ஏறினார். ஒரு துண்டுக் காகிதத்துக்கு 45 ஆயிரம்.

அக்கா விற்கவில்லை. செயினில் இரண்டு கண்ணி எடுத்துவிட்டு அவரே கட்டிக்கொள்கிறார். ஜனதாவுக்கு அம்மா தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு சாவி கொடுக்கிறார். பெரியவரும் அந்த நேரத்தில்தான் கொடுப்பாராம். ஒமேகாவைத் தம்பி அக்காவிடமிருந்து 55 ஆயிரத்துக்கே வாங்கிக்கொண்டார்.

மாற்றிச் செய்யக்கூடியவை

பெரியவர் 2019-இல் ராடோவுக்கு பேட்டரி மாற்ற என் கடைக்கு வந்திருக்கிறார். பழைய ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது. வேறு என்னென்ன வாட்ச் இருக்கிறது, காகிதம் எங்கே இருக்கிறது என்று அன்று நான் கேட்டிருக்கலாம். அரை மணி நேர வேலை. கேட்காதது என் குறை. அவர் கையாலேயே ஒரு பட்டியல் இருந்திருந்தால் தம்பி இணையத்தைத் தேடியிருக்க மாட்டார், பட்டறைக்கும் போயிருக்க மாட்டார்.

இப்போது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் யார் நல்ல வாட்ச்சோடு வந்தாலும் ஒரு தாள் கொடுக்கிறேன். மாடல் எண், வரிசை எண், வாங்கிய ஊர், வருடம், கடைசி சர்வீஸ், டப்பாவும் காகிதமும் இருக்கும் இடம். பூர்த்தி செய்து வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள் என்கிறேன். எடுத்துவிட்ட கண்ணிகளையும் டப்பாவிலேயே போடச் சொல்கிறேன், அவையும் வாட்ச்சின் பகுதிதான்.

இன்னொன்று, மதிப்பிட மூன்று பேரிடம் கேட்டது போதவில்லை. மூவரும் வியாபாரிகள். சொந்தமாகச் சேகரிக்கும் ஒருவரையும் கேட்டிருந்தால் ஃபேவர் லூபாவுக்கு நான் போட்ட 12 ஆயிரம் குறைவா சரியா என்று தெரிந்திருக்கும். அதில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை.

2025 மார்ச்சில் அக்கா ரோலெக்ஸை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். வேலைச்சீட்டை நான் எழுதுவதற்குள் பேனாவை வாங்கி, மேலே பெரிதாக "பாலீஷ் வேண்டாம்" என்று அவரே எழுதிக் கீழே கோடிட்டார். அந்த வரியை இப்போது என் கடை வேலைச்சீட்டிலேயே அச்சடித்துவிட்டேன். பாலீஷ் வேண்டும் என்பவர்கள் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும்.